நடக்காமல் போன சண்டை

இயற்பியல் துறையின் மூன்றாவது மாடியில் எதிரெதிரே இரண்டு அறைகள். ஒன்று அண்ணனுடையது, இன்னொன்று தங்கையுடையது. இரண்டு கதவுகளும் பகலெல்லாம் திறந்தே கிடக்கும். காற்றுக்காக என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். சண்டை போட வசதியாக என்பது ஒரு வாரத்தில் புரிந்துவிடும்.

அண்ணனுக்குத் துறையில் ‘எதிர்க்கட்சி’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவனும் ஏதோ பட்டம் கொடுத்தது போல ஏற்றுக்கொள்வான். தங்கைக்கு அவன் வைத்த பெயர் ‘வால்’. அவன் படித்த பள்ளிக்கூடம், அவன் சேர்ந்த கல்லூரி, அவன் எடுத்த பாடம் என்று மூன்று வருஷ இடைவெளியில் பின்னாலேயே வந்து சேர்ந்தவள். தலை நரைத்து, பேராசிரியை ஆகி, எங்கெங்கிருந்தோ அழைப்பு வரும் நிலைக்கு வந்த பிறகும், “ஏய் வாலு, இங்க வா!” என்று நடைவழியில் கத்துவான். பக்கத்தில் நிற்கும் மாணவர்கள் சிரிப்பை அடக்கக் குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்வார்கள்.

சண்டை எதைப் பற்றி என்று சொல்லிவிட வேண்டும். பெரிய கட்டம் போட்ட தாள் ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு மூலையிலும் ஓர் அம்பு. நீளம் மாறாது, ஆனால் எந்தத் திசையில் வேண்டுமானாலும் திரும்பும். பக்கத்து அம்பு பார்க்கும் பக்கமே தானும் பார்க்க ஒவ்வொன்றுக்கும் ஆசை. கூடவே ஓயாத உதறலும் உண்டு, அதனால் முழுசாக ஒத்துப்போவது கிடையாது. நேரியல் அல்லாத சிக்மா மாடல் என்று நீளமாகப் பெயர் வைத்திருந்தாலும் உள்ளே இருப்பது இவ்வளவுதான். கணினியில் போட்டுப் பார்ப்பதற்குக் கட்டம் வேண்டும். உலகத்தில் கட்டம் கிடையாது. ஆகவே கட்டத்தைச் சின்னதாக்கி, அதையும் சின்னதாக்கி, விடை எங்கே போய் நிலைக்கிறது என்று பார்க்க வேண்டும். அது நிலைக்கும் இடத்தைத் தொடர்ம எல்லை என்பார்கள்.

அந்த எல்லையில் என்ன இருக்கிறது என்பதில்தான் குடும்பம் இரண்டுபட்டது. நெருங்கிப் பார்க்கப் பார்க்க அம்புகளுக்கு நடுவிலுள்ள இழுபறி தளர்ந்துகொண்டே போய், கடைசியில் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும் என்பது உலகத்தின் கட்சி. தங்கையும் அந்தக் கட்சி.

“தளர்ந்துக்கிட்டே போகுது, சரி. ஒண்ணுமில்லாம ஆகுதுன்னு எவன் கிட்டப் போய் நின்னு பார்த்தான்?” என்பான் அண்ணன். “வழியில எங்கயோ நின்னுடும்னு நான் சொல்றேன். இல்லைன்னு கணக்கா நிரூபிச்சவன் ஒருத்தனைக் காட்டு, நான் வாயை மூடிக்கறேன்.”

அப்படி முழுசாக நிரூபித்தவர் யாரும் இல்லை. அதனால் அவன் வாயை மூடவும் இல்லை.

அந்தப் பிடிவாதத்துக்கு அவன் கொடுத்ததும் கொஞ்சமில்லை. பதவி உயர்வு தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. பெரிய மாநாடுகளுக்கு அவனைக் கூப்பிட மாட்டார்கள். அவனிடம் ஆராய்ச்சிக்குச் சேர வரும் பிள்ளைகளை மற்றவர்கள் தனியே அழைத்து, “எதிர்காலம் முக்கியம்ப்பா” என்று காதில் போட்டுவிடுவார்கள். ஒருமுறை உணவறையில் இரண்டு பேர் அவனைப் பற்றி இளக்காரமாகப் பேசியது தங்கையின் காதில் விழுந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய், அவர்கள் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அண்ணனுடைய வாதத்தை அவனைவிட நன்றாக எடுத்துச் சொல்லி அவர்களை வாயடைக்க வைத்தாள். அன்று மாலையே அதே வாதத்தை அண்ணனிடம் கிழிகிழி என்று கிழித்தாள். அது அவளுக்கு மட்டுமே உள்ள உரிமை.

இப்படியே போயிருந்தால் ஓய்வு பெறும் வரை போயிருக்கும். ஒரு நாள் அண்ணன் ஒரு வரைபடத்தோடு அவள் அறைக்கு வந்தான்.

“இதைப் பாரு. கட்டம் சின்னதாக ஆக, புள்ளிங்க எல்லாம் வளைஞ்சு வரணும்னுதானே உங்க ஆளுங்க எழுதியிருக்காங்க? நேர்கோட்டுல வருது பாரு, ஸ்கேல் வச்ச மாதிரி. இப்படியே நீட்டிப் பாரு, எங்க போய் முட்டுது?”

அவள் நீட்டிப் பார்த்தாள். உலகம் சொன்ன இடத்துக்குச் சற்று மேலே போய் முட்டியது.

“இன்னும் பொடிக் கட்டத்துல ஒரே ஒரு புள்ளி போட்டுடலாம். கணக்குப் போடறதுல உன்னை மிஞ்ச ஆளில்லை. எதை அளக்கணும்னு நான் சொல்றேன், நீ அள. நேரா போச்சுன்னா நான் சொன்னது. வளைஞ்சா உன் உலகம் சொன்னது.”

“வளைஞ்சா ஒத்துப்பியா?”

“அவ்வளவு சுலபமா? முதல்ல புள்ளி வரட்டும், அப்புறம் உக்காந்து சண்டை போடலாம்” என்று சிரித்தான்.

கட்டம் பொடியாக ஆக, அம்புகள் அசைவதற்கே சோம்பல்படும். பெரிய கட்டத்தில் ஒரு பகலில் கிடைப்பது இங்கே மாசக்கணக்கில் இழுக்கும். தங்கை புதிதாக நிரல் எழுதினாள். கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஏசி போட்ட அறையில் வரிசையாக நின்று இரைந்துகொண்டிருந்த கணினிகளில் பாதியைத் துறைத்தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினாள். அண்ணனும் தங்கையும் முதல்முறையாக ஒரே வேலையைச் செய்தார்கள். துறையே வேடிக்கை பார்த்தது.

அந்த நேரத்தில்தான் அண்ணன் இளைக்க ஆரம்பித்தான். “பெல்ட்டுல புதுசா ஓட்டை போடறேன், பழசெல்லாம் வேலைக்கு ஆகலை” என்று அதையும் கிண்டலாகவே சொன்னான். அண்ணிக்குத்தான் முதலில் பொறி தட்டியது. அண்ணி பல் டாக்டர். நாளெல்லாம் அடுத்தவர் முகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறவள், காலையில் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்த கணவனின் கண்ணில் மஞ்சளைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு வந்த நோயாளிகளை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். கணையத்தில் புற்று என்றார்கள். தெரிந்தபோதே தாமதம் என்றார்கள். ஊசியும் மருந்துமாகக் கொஞ்ச காலம் முயன்று பார்த்தார்கள். பிறகு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

மாடிப்படி ஏற முடியாததால் முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டார்கள். சோபாவைத் தூக்கிப் பின்னறையில் வைத்தார்கள். டி.வி.யைத் திருப்பிச் சுவரோரம் தள்ளினார்கள், அது இருந்த மேஜையில் மருந்துகள் வந்து உட்கார்ந்தன. தங்கை வகுப்பு முடிந்ததும் தினமும் வருவாள். அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து குரல் வரும்.

“என்ன வாலு, புள்ளி வந்துச்சா?”

“அவசரப்படாதண்ணா. பிழைப்பட்டை இன்னும் இந்த அகலத்துக்கு இருக்கு. இதுல உன் கட்சியும் நிக்கும், என் கட்சியும் நிக்கும், நடுவுல ஒரு லாரியும் போகும்.”

அவன் சிரிப்பான். சிரித்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்வான். அண்ணி உள்ளேயிருந்து, “ஏன் சிரிக்க வைக்கிறே அவரை?” என்று சத்தம் போடுவாள். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் அவளும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

புள்ளி எவ்வளவு தூரம் தள்ளிப்போகலாம் என்று காட்டும் அந்தப் பிழைப்பட்டை மெல்ல மெல்ல ஒடுங்கியது. ஒரு திங்கட்கிழமை காலையில் தங்கை அறைக்கு வந்து, வார இறுதியில் ஓடி முடிந்ததை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, புள்ளியைப் படத்தில் வைத்தாள்.

வளைந்திருந்தது.

சந்தேகத்துக்கு இடமே இல்லை. அண்ணனின் நேர்கோடு மேலே ஒரு பக்கமாகப் போனது. புள்ளி அதைவிட்டு விலகி, உலகம் சொன்ன இடத்தை நோக்கித் தலை குனிந்து இறங்கியது. அவள் பக்கம் ஜெயித்திருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அந்த வாரம் முழுக்கத் தப்பைத் தேடினாள். எழுதிய நிரலை வரிவரியாகப் படித்தாள். பழைய நிரலைத் தூசி தட்டி எடுத்து அதிலும் ஓட்டிப் பார்த்தாள். அம்புகளை உதற வைக்கும் தற்செயல் எண்களை வேறு வழியில் உண்டாக்கிப் பார்த்தாள். மற்றவர்கள் தன் வேலையில் தப்புக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று காலமெல்லாம் பயந்தவள், தான் எங்கேயாவது சறுக்கியிருக்க வேண்டுமே என்று தவித்தாள். எங்கேயும் சறுக்கவில்லை. நல்ல வேலைக்காரி அவள்.

சொல்லிவிடுவது என்றுதான் வாரக் கடைசியில் கிளம்பினாள். பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். ‘அண்ணா, வந்துடுச்சு. வளையுது. எங்க ஓட்டைன்னு நீயே பாரு.’ வீட்டுக்குள் நுழைந்தாள். அவன் தலையணைகளை அண்டக்கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கையைத் தூக்கி அவளைக் கூப்பிட்டபோது கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது.

“என்ன வாலு, புள்ளி வந்துச்சா?”

ஒத்திகை பார்த்தது எல்லாவற்றையும் மென்று விழுங்கினாள்.

“இல்லண்ணா. இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. கீழ ஒரு மெஷின் படுத்துடுச்சு. ஆள் வந்து பார்க்கணும்.”

“எந்த மெஷின்?”

“அந்தக் கடைசி வரிசையில இருக்கறது.”

அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“ம். சரி. வரட்டும்.”

மறுநாளும் ஆள் வரவில்லை என்றாள். அதற்கடுத்த நாள், வந்தவர் ஏதோ உதிரிபாகம் வேண்டும் என்கிறார் என்றாள். பொய்க்குச் சப்பைக்கட்டு கட்டக் கட்ட அது ஒரு குடித்தனம் போலப் பெருகியது. பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். அவளுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. வெளியே மழை விடாமல் பெய்வதைப் பற்றியும், துறையில் லிப்ட் நடுவழியில் நின்றுபோய்த் தலைவர் உள்ளே மாட்டிக்கொண்டதைப் பற்றியும் பேசினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முகம் அடிக்கடி சுளித்தது. வலி என்று நினைத்து, “மருந்து எடுத்துத் தரட்டுமா?” என்று கேட்டால், வேண்டாம் என்று தலையசைப்பான்.

ஒரு நாள் அவள் கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினான்.

“வாலு. எங்கிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?”

“ஒண்ணுமில்லண்ணா. நீ தூங்கு.”

அவன் கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம், அவள் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அண்ணியிடமிருந்து போன் வந்தது. வகுப்பில் போனை எடுக்காதவள் அன்று எடுத்தாள். அண்ணி, “வந்துடு” என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். இவள் கையிலிருந்த சாக்பீஸோடே படியிறங்கி ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். எப்பேர்ப்பட்ட மூளை, எவ்வளவு நேர்மை, யாருக்கும் பயப்படாத மனுஷன் என்றார்கள். அவனோடு பத்து வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட வந்து உச்சுக்கொட்டினார்கள். அண்ணி எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கை மூலையில் நின்று, வந்தவர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச காலம் போனதும், முடிவை அவளிடமிருந்தே கேட்டறிந்த துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“அந்தக் கட்டுரையைச் சீக்கிரம் எழுதிடுங்க. எல்லாரும் எதிர்பார்த்துக்கிட்டிருக்காங்க. அண்ணன் பேரையே முதல்ல போடுங்க. அவருக்கும் மரியாதையா இருக்கும். இத்தனை வருஷம் எதிர்த்தவர் கடைசியில தானே சோதிச்சுப் பார்த்து ஒத்துக்கிட்டார்னா, அது பெரிய விஷயமில்லையா?” என்றவர், ஏதோ தோன்றி நிறுத்தினார். “ஒத்துக்கிட்டாருல்ல?”

அவள் ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் எப்படியோ அசைத்தாள். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

கட்டுரை எழுதுவது கடினமாக இல்லை. முதலில் அண்ணன் பெயர், பிறகு தன் பெயர். அனுப்புவதற்கு முன்னால் அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவளுடைய கிளினிக்குக்குப் போனாள். கடைசி நோயாளி கன்னத்தில் பஞ்சை அதக்கிக்கொண்டு, பேச முடியாமல் கையாலேயே விடைபெற்றுப் போனார். அண்ணி கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினாள்.

“உக்காரு.”

இருந்த ஒரே ஸ்டூலில் கருவிகள் வைத்த தட்டு இருந்தது. தங்கை நோயாளியின் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அது அவளை அரைகுறையாகச் சாய வைத்து, கூரையில் ஒட்டியிருந்த மீன் படங்களைப் பார்க்க வைத்தது. எழுந்து நிமிரப் பார்த்தாள். முடியவில்லை.

“விடு, அது அப்படித்தான். வாயைத் திறன்னு சொல்ல மாட்டேன், பயப்படாதே” என்றாள் அண்ணி.

தங்கை விஷயத்தைச் சொன்னாள். கட்டுரை முடிந்துவிட்டது, அண்ணன் பெயர் முதலில் வருகிறது, தலைவரும் சந்தோஷப்படுகிறார். அண்ணி துண்டால் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன வந்துச்சு கடைசியில?”

“வளைஞ்சுது அண்ணி.”

“அப்படின்னா?”

“அண்ணன் சொன்னது தப்புன்னு வந்துச்சு.”

“எப்ப வந்துச்சு?”

தங்கை மீன் படங்களைப் பார்த்தாள். அண்ணி துண்டை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவசரமே இல்லாத காத்திருப்பு.

“அவன் இருக்கும்போதே” என்றாள் தங்கை.

“தெரியும்.”

“உங்களுக்கு எப்படி...”

“அவருக்குத் தெரியும். அதனால எனக்குத் தெரியும். மெஷின் படுத்துடுச்சுன்னு நீ சொல்லிட்டுப் போன அன்னிக்கே சொல்லிட்டாரு. ‘அவ பக்கம் வந்திருக்கு. என் பக்கம் வந்திருந்தா செருப்பைக்கூட கழட்டாம உள்ள ஓடி வந்திருப்பா’ன்னு.”

“கோச்சுக்கிட்டானா?” என்றாள் தங்கை.

“கோபமா? சந்தோஷமா இருந்தாரு. நாளைக்குச் சொல்லுவா, கொஞ்சம் தைரியம் வர்ற வரைக்கும் விடுன்னாரு. ராத்திரி பகலா அதையே யோசிச்சுக்கிட்டு இருந்தாரு. இங்க தப்புப் பண்ணியிருப்பாளா, அங்க பண்ணியிருப்பாளா, இதைக் கேட்டா இப்படிச் சொல்லுவா, அப்ப அதைக் கேக்கணும்னு. தனக்குத்தானே பேசிக்கிட்டாரு. எனக்குப் பாதி புரியாது.” அண்ணி நிறுத்தினாள். அவள் குரல் மாறியது. “சாயங்காலம் நீ வர்ற நேரத்துக்கு முன்னாடி மருந்து வேணாம்னுடுவாரு. போட்டா தலை மந்தமாயிடுதாம். ‘வாலு சண்டைக்கு வருவா, தெளிவா இருக்கணும்’பாரு. வலியைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிட்டு, என்னைத் தலைகாணி வைக்கச் சொல்லி, நிமிர்ந்து உக்காந்திருப்பாரு. நீ வந்து மழையைப் பத்திப் பேசினே.”

தங்கை முகத்தை மூடிக்கொண்டாள். அந்த நாற்காலியில் சாய்ந்தபடி அழுவது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கண்ணீர் காதுக்குள் போனது.

அண்ணி அவளைத் தேற்றவில்லை. பெடலை மிதித்து நாற்காலியை நிமிர்த்தினாள், அவ்வளவுதான்.

“வலிக்காதுன்னு இந்த நாற்காலியில உக்காந்த யார்கிட்டயும் நான் சொன்னதில்லை. வலிக்கும், கொஞ்ச நேரம்னு சொல்லுவேன். சின்னப் பிள்ளைங்ககூட அதைத் தாங்கிக்குது. அவரு தாங்க மாட்டாருன்னு நீ எப்படி முடிவு பண்ணே?”

“அவனோட வாழ்க்கையே அது அண்ணி. படுத்த படுக்கையா இருக்கறவன்கிட்ட அது தப்புன்னு எப்படிச் சொல்றது?”

“தப்புன்னு நீ சொன்னதும் ஒத்துக்கறதுக்கு அவரு என்ன உன் மாணவனா? உன்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பாரு. அந்த நாளெல்லாம் அவருக்கு வேற என்ன இருந்துச்சு சொல்லு. சாப்பாடு இறங்கலை. தூக்கம் இல்லை. அது ஒண்ணுதான் மிச்சம். அதை நீ கொடுக்கலை.”

வெளியே கிளினிக்கின் உதவியாளர் ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது. அண்ணி கருவிகளை எடுத்துக் கிருமி நீக்கும் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

“பேரைப் போடாதே” என்றாள் திரும்பாமலேயே.

“அண்ணி?”

“அவர் பேரு வேணாம். அதுல கையெழுத்துப் போட அவரு சம்மதிக்கலை. ஒரு வருஷம் உன்னோட மல்லுக்கட்டிட்டு, சரி போ, நீ சொல்றதுதான்னு சொல்லியிருக்கலாம். சாகற வரைக்கும் மாட்டேன்னும் சொல்லியிருக்கலாம். எதுன்னு எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. செத்துட்டாருங்கறதுக்காக நீங்களா ஒத்துக்கவைக்கக் கூடாது.”

வாசல் வரை போன தங்கை திரும்பி வந்தாள்.

“என்ன கேக்கணும்னு நினைச்சான் அண்ணி? ஏதாவது ஞாபகம் இருக்கா?”

அண்ணி கண்ணை மூடி யோசித்தாள். “ஏதோ பெட்டி. நீ எல்லாத்தையும் சின்னப் பெட்டியில போட்டு அளந்துட்டே, பெரிய பெட்டியில மட்டும் தலைகாட்டறது ஏதாவது இருந்தா அதுல தெரியாதேன்னு. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. மத்ததெல்லாம் எனக்கு ஏறலை.”

பெட்டி என்றால் அந்தக் கட்டத் தாளின் மொத்த அகலம். அது நல்ல கேள்வி. தங்கைக்கு உடனே தெரிந்துவிட்டது. அன்று கட்டிலோரத்தில் கேட்டிருந்தால் அவளுக்குச் சட்டென்று பதில் வந்திருக்காது. திணறியிருப்பாள். அவன் அதைப் பார்த்து ரசித்திருப்பான்.

கட்டுரையை அவள் அனுப்பவில்லை. தலைவரிடம் போய், “அண்ணன் ஒத்துக்கலை சார். அன்னிக்கு நான் சரியா சொல்லலை” என்றாள். அவர் சங்கடப்பட்டு, சரி சரி என்றார். கீழ்த்தளத்துக் கணினிகளை மறுபடி கேட்டு வாங்கி, பெட்டியைப் பெரிதாக்கி ஓட்டினாள். இன்னும் பெரிதாக்கினாள். மழைக்காலம் போய் வெயில் வந்தது. வகுப்பு, வீடு, கீழ்த்தளம் என்று இருந்தாள். சில சமயம் அண்ணனுடைய கேள்வியை அவனுடைய குரலிலேயே வாய்விட்டுக் கேட்டுப் பார்ப்பாள். பதிலைத் தன் குரலில் சொல்வாள். அது சண்டை மாதிரி இருக்காது. அவன் கேட்டிருக்கக்கூடிய அடுத்த கேள்வி அவளுக்குத் தெரியாது. அது தெரிந்திருந்தால் அவன் எதற்கு?

அவளால் முடிந்த அளவு பெரிய பெட்டி வரைக்கும் புள்ளி நகரவில்லை. அண்ணன் சொன்னது தப்பு என்றே வந்தது. ஆனால் முடிந்த அளவு என்பதற்கு அப்பால் ஒன்று இருக்கிறதே, அங்கே அவளாலும் போக முடியவில்லை, வேறு யாராலும் போக முடியாது. அதை மழுப்பாமல் எழுதினாள். கட்டுரையில் ஒரு முழுப் பகுதியை அந்தக் கேள்விக்கே ஒதுக்கி, எவ்வளவு வலுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு வலுவாகச் சொல்லி, எதற்குப் பதில் இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிரித்து வைத்தாள். கேள்வி அண்ணனுடையது என்று அங்கே குறிப்பிடலாமா என்று அண்ணியிடம் போனில் கேட்டாள்.

“கேள்வி கேட்டவர்னு தாராளமா போடு. அதுக்கு அவரு என்னிக்கும் மாட்டேன்னு சொன்னதில்லை” என்றாள் அண்ணி. அத்தோடு வைத்துவிட்டாள். அந்த நாட்களில் இருவருக்கும் நடுவே பேச்சு அவ்வளவுதான் இருந்தது.

கட்டுரையைத் தன் பெயரில் மட்டும் அனுப்பினாள். பத்திரிகை அதை இரண்டு பேரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டது. இந்த மாதிரி விஷயத்தில் குடைந்து குடைந்து கேட்பார்கள், ஒரு வருஷம் இழுத்தடிப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். பதில் சீக்கிரமே வந்தது. ஒருவர், மிக அருமையான வேலை, நீண்ட நாள் பிரச்சினை தீர்ந்தது, அப்படியே வெளியிடலாம் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், பெரிய பெட்டி பற்றிய அந்தப் பகுதி நீளமாக இருக்கிறது, தேவையும் இல்லை, வேண்டுமானால் சுருக்கலாம் என்றிருந்தார்.

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தெரிந்தே திறந்து வைத்த ஓட்டை. யாராவது விரலை விட்டுப் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். தலைவர் இனிப்பு வாங்கி அனுப்பினார். எல்லோரும் போன பிறகு அண்ணிக்குப் போன் செய்தாள்.

“ஏத்துக்கிட்டாங்க அண்ணி.”

“நல்ல விஷயம்தானே? ஏன் குரல் இப்படி இருக்கு?”

“அந்தப் பெட்டி விஷயத்தை ஒருத்தர்கூட கேக்கலை. அதைச் சுருக்கச் சொல்றாங்க.”

“சுருக்கப் போறியா?”

“மாட்டேன்.”

“சுருக்காதே.”

அண்ணி பக்கத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. நாற்காலி கிறீச்சிட்டது.

“சரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நான் கேக்கறேன்” என்றாள் அண்ணி.

“என்னத்தை?”

“அந்தக் கேள்வியைத்தான். அவரு மாதிரி வராது. இருந்தாலும் சொல்லு.”

தங்கை தொடங்கினாள். கட்டம், அம்பு, அம்புகள் பக்கத்து அம்பைப் பார்த்துத் திரும்புவது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அண்ணி ஊம் கொட்டினாள். ஓரிடத்தில், “இரு இரு, அது ஏன் அப்படித் திரும்பணும்?” என்று கேட்டாள். அங்கே கேட்க ஒன்றுமே இல்லை. அண்ணனாக இருந்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போய் வெகு தூரம் ஆகியிருக்கும். ஆனாலும் தங்கை பொறுமையாகப் பதில் சொன்னாள். அண்ணி இன்னொன்று கேட்டாள். அதுவும் அப்படித்தான். இருவருக்கும் அது தெரிந்திருந்தது. இருவரும் நிறுத்தவில்லை.

“அப்ப அந்தப் பெட்டி...” என்று அண்ணி ஆரம்பித்தபோது அவள் பக்கத்தில் கதவு திறக்கும் ஓசையும், ஒரு குழந்தை சிணுங்குவதும் கேட்டது.

“ஆள் வந்துட்டாங்க. வைக்கிறேன்” என்றாள் அண்ணி. ஆனால் உடனே வைக்கவில்லை. “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. சாப்பிட்டுட்டுச் சொல்லு மீதியை.”

“சரி அண்ணி.”

போனை மேஜைமேல் வைத்தாள். அடுத்த வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.